பெயர்ப்பலகை இல்லாத இடங்கள்



சென்ற மாதம் இந்தப் பக்கத்தில் சிறு சேமிப்புக் குழுக்களைப் பற்றிக் கதைத்தோம். இம்மாதமும் சேமிப்பைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். ஆனால் இது காசுச் சேமிப்பு அல்ல. நாம் பிறந்த, வாழ்ந்த, விட்டுவந்த இடங்களைச் சேமித்து வைப்பது பற்றியது. இடம்பெயர்ந்து வாழ்ந்த நமக்கு இடத்தின் அருமை தெரியாததல்ல. ஆனாலும் இதை ஒரு வேலையாக எடுத்துச் செய்கிறோமா என்று கேட்டால், பெரும்பாலும் இல்லை என்பதுதான் பதில்.

என் ஊர் ஹல்துமுல்லை. பதுளை மாவட்டத்தின் தெற்கு விளிம்பில் இருக்கிறது. கொழும்பிலிருந்து இரத்தினபுரி, பலாங்கொடை வழியாக ஏறிவரும் ஏ-4 வீதி, பெரகலைச் சந்திக்கு வருவதற்கு முன்னால் எங்கள் ஊரைக் கடக்கிறது. வீதிக்கு மேலே தேயிலை மலை. கீழே பள்ளம். அதற்கும் கீழே தெற்குச் சமவெளி விரிந்து கிடக்கும். மழை கழுவிய காலையில் பார்த்தால் வெகுதூரம் தெரியும்.

2023 ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில் கிளிநொச்சியிலிருந்து என் சின்னம்மா இந்த ஊருக்கு வந்தார். 46 ஆண்டுகளுக்குப் பிறகு வந்தார். 1977 ஓகஸ்ட் கலவரத்துக்குப் பின் சின்னப்பாவோடும் கைக்குழந்தையோடும் ஒரு லொறியில் ஏறிப் போனவர் அவர். அப்போது எனக்கு ஒன்பது வயது. லொறியின் பின்பக்கத்தில் ஆட்டுக்கல்லை ஏற்றவா விடவா என்று பெரியவர்கள் வாக்குவாதப்பட்டதும், கடைசியில் அதை இஸ்தோப்பிலேயே விட்டுப் போனதும் எனக்கு நினைவிருக்கிறது.

வன்னியில் காடு வெட்டிக் காணி ஆக்கினார்கள். கிணறு வெட்டினார்கள். அங்கேயும் சிலர் அவர்களைத் 'தோட்டக்காட்டார்' என்றார்கள். அதையும் பொறுத்துக்கொண்டு ஊன்றி வளர்ந்த பிறகு, யுத்தம் எல்லாவற்றையும் பிடுங்கியது. 2009 ஆம் ஆண்டில் மாத்தளனில் ஷெல் பட்டுச் சின்னப்பா இறந்தார். புதைத்த இடத்தில் ஓர் அடையாளம் வைக்கவும் நேரம் இருக்கவில்லை. கலியாணப் படம், பிள்ளைகளின் படம், 1977இல் கொண்டுபோன பழைய கடதாசிகள் எல்லாம் அந்த ஓட்டத்தில் போய்விட்டன.

மலையக மக்கள் இந்நாட்டுக்கு வந்து 200 ஆண்டுகள் ஆனதை நினைவுகூர்ந்து, 2023 யூலை 28 முதல் ஓகஸ்ட் 12 வரை தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரைக்கும் ஒரு நடைபயணம் நடந்தது உங்களுக்குத் தெரிந்திருக்கும். நம் முன்னோர் கோப்பித் தோட்டங்களுக்கு நடந்து வந்த பாதை அது. காட்டிலும் பசியிலும் காய்ச்சலிலும் வழிநெடுக விழுந்தவர்கள் ஆயிரமாயிரம். அந்த நடையில் சின்னம்மாவும் மன்னார்ப் பக்கத்தில் அரை நாள் நடந்திருக்கிறார். பக்கத்தில் நடந்த ஒரு பெண் "நீங்க எந்தத் தோட்டம்?" என்று கேட்டாளாம். தோட்டத்தின் பெயரைச் சொன்னவர், "எந்த லயம்?" என்ற அடுத்த கேள்விக்குப் பதில் தெரியாமல் நின்றுவிட்டார். அந்தக் கேள்விதான் அவரை இங்கே கொண்டுவந்தது. கூடவே பேத்தியும் வந்தாள். சாதாரண தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்குக் காத்திருந்த பிள்ளை.

கையேட்டில் உள்ள இடங்கள்

பேத்தி வரும்போதே ஊவா மாகாணச் சுற்றுலாக் கையேடு ஒன்றோடு வந்தாள். "பெரியம்மா, இதில இருக்கிற இடமெல்லாம் பாக்க வேணும்" என்றாள். நாங்களும் கிடைத்த பஸ்ஸில் ஏறி, நாளுக்கு ஒன்றிரண்டாகப் பார்த்தோம். நீங்களும் ஒருநாள் இப்பக்கம் வந்தால் பார்க்க வேண்டியவைதான் அவை. ஆகவே சுருக்கமாகச் சொல்கிறேன்.

எங்கள் ஊருக்கு அருகிலேயே ஒரு பழைய கோட்டையின் எச்சங்கள் உள்ளன. போர்த்துக்கீசர் காலத்தது என்று சொல்வார்கள். 1630 ஆம் ஆண்டில் போர்த்துக்கீசத் தளபதி கொன்ஸ்தந்தீனு த சா படையோடு ஊவாவுக்குள் வந்து, பதுளையை எரித்துவிட்டுத் திரும்பும் வழியில், வெல்லவாயப் பக்கத்து ரந்தெனிவெலவில் கண்டிப் படையால் கொல்லப்பட்டார். அந்தக் காலத்து மலைக் கணவாய்களில் ஒன்றைக் காத்து நின்ற இடம் நம்முடையது. கதிர்காமக் கடவுளுக்குரிய பழைய சொரகுணைத் தேவாலயமும் ஹல்துமுல்லைப் பிரிவில்தான் இருக்கிறது. இவை எல்லாவற்றுக்கும் முன்னரே, ஆதி இரும்புக் காலத்து மனிதர் இந்தச் சரிவில் குடியிருந்த தடயங்களையும் தொல்லியலாளர்கள் தோண்டி எடுத்திருக்கிறார்கள்.

கொஸ்லந்தையைத் தாண்டினால் 220 மீற்றர் உயரத்திலிருந்து விழும் தியலும நீர்வீழ்ச்சி. மேலே அப்புத்தளைக்குப் போனால் 1869இல் கட்டிய புனித அந்திரேயர் தேவாலயம். சேர் தோமஸ் வில்லியர்ஸ் என்ற ஆங்கிலேயர் 1931இல் கருங்கல்லால் கட்டிய அதிசம் பங்களா. அவர் இங்கிலாந்துப் பிரதமராக இருந்த ஜோன் ரசல் பிரபுவின் பேரன். அந்தப் பங்களா பின்னர் ஆசீர்வாதப்பர் சபைத் துறவிகளின் மடமாயிற்று. தம்பேதன்னையில் 1890இல் சேர் தோமஸ் லிப்டன் கட்டிய தேயிலைத் தொழிற்சாலை. அதற்கு மேலே, அவர் உட்கார்ந்து தன் தோட்டங்களைப் பார்ப்பாராம் என்று சொல்லப்படும் 'லிப்டன் ஆசனம்'. தெமோதரைக்கும் எல்லவுக்கும் இடையில், 1921இல் கட்டி முடித்த ஒன்பது வளைவுப் பாலம். மூன்று ஆண்டு கழித்து, 1924இல்தான் ரயில் பதுளையைத் தொட்டது.

பதுளை நகரில் புனித மாற்கு தேவாலயம் இருக்கிறது. அது மேஜர் றொஜர்ஸ் என்பவரின் நினைவாக எழுப்பப்பட்டது. பதுளையில் அரசாங்க அதிகாரியாக இருந்தவர். 1,400க்கும் மேற்பட்ட யானைகளைச் சுட்டவர் என்று சொல்லப்படுகிறார். 1845 யூன் 7 அன்று அப்புத்தளையில் மின்னல் தாக்கி இறந்தார்.

இவற்றைப் பார்ப்பதில் தவறு ஒன்றுமில்லை. எல்லாமே அழகான இடங்கள். பாலத்தின் மேலே ரயில் வந்தபோது பேத்தியோடு சேர்ந்து நானும் கை தட்டினேன். ஆனால் மூன்றாம் நாள் இரவு அவள் கையேட்டை மூடிவைத்துவிட்டு ஒரு கேள்வி கேட்டாள்.

"பெரியம்மா, யானை சுட்டவருக்குக் கோயில் இருக்கு. துரை இருந்த கதிரைக்கும் பேர் இருக்கு. அம்மம்மாவின்ட ஆக்கள் 200 வருசம் இருந்திருக்கினம் எண்டு சொல்லுறியள். அவையின்ட இடம் இதில எங்க?"

சின்னம்மா பாயில் படுத்திருந்தார். "அது கையேட்டுல இருக்காதும்மா. நாளைக்கு நா காட்டுறேன்" என்றார்.

சின்னம்மா காட்டிய இடங்கள்

மறுநாள் காலையில் பழைய தோட்டத்துக்குப் போனோம். தோட்டத்தின் பெயரை இங்கே எழுத வேண்டாம் என்று நினைக்கிறேன். எந்தத் தோட்டத்துக்குப் போனாலும் கதை கிட்டத்தட்ட ஒன்றுதான்.

சின்னம்மா பிறந்த லயம் அங்கே இல்லை. பாதி இடிந்த வரிசை ஒன்றில் தகரம் போட்டு ஐந்தாறு குடும்பங்கள் இருந்தன. மற்றப் பாதி இருந்த இடத்தில் தேயிலை நட்டிருந்தார்கள். பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பரா ஒன்றில் எட்டுப் பேர் வளர்ந்த இடம் இன்று எந்தத் தேயிலைச் செடிக்குக் கீழே இருக்கிறது என்று சொல்ல முடியவில்லை. அவர் அழவில்லை. இடுப்பில் கைவைத்துக்கொண்டு இங்கும் அங்கும் பார்த்தார். பிறகு, "தண்ணிச் சத்தம் கேக்குது பாரு" என்று சொல்லி, எங்களுக்கு முன்னாலே ஒற்றையடிப் பாதையில் இறங்கத் தொடங்கினார். 68 வயது மனுசி. நாங்கள் பின்னால் ஓட வேண்டியிருந்தது.

கீழே பீலி இருந்தது. மலை ஊற்றிலிருந்து வரும் தண்ணீர் முன்பு மூங்கிலில் விழுந்ததாம். இப்போது பிளாஸ்டிக் குழாயில் விழுகிறது. ஆனால் அதன் கீழே கிடந்த கருங்கல் பழைய கல்தான். நூறு வருசமாகப் பெண்கள் துணி தோய்த்துத் தோய்த்து அதன் நடுப்பகுதி சட்டி போலக் குழிந்திருந்தது.

"இந்தக் கல்லுல உக்காந்துதான் எங்கம்மா எனக்குச் சீயக்கா தேச்சு விடும்" என்றார் சின்னம்மா. "விடியக் காலைல நாலு மணிக்கு இங்க வரிசை நிக்கும். பெரட்டுக்குத் தப்படிக்கிறதுக்குள்ள தண்ணி எடுத்தாகணும்."

அந்த ஒரு கல்லைப் பிடித்துக்கொண்டு அவருக்கு முழுத் தோட்டமும் திரும்பி வந்தது. பீலியிலிருந்து இத்தனை எட்டில் பிரட்டுக்களம். அங்கேதான் கணக்கப்பிள்ளை பெயர் கூப்பிடுவார். அதற்கு வலப்பக்கம் கொழுந்து நிறுக்கும் மடுவம். நிறுவையில் கூடைக்கென்று கழித்துக்கொண்ட பின் மிஞ்சியதுதான் பேர். அதற்கு மேலே பிள்ளை மடுவம். மலைக்குப் போகும் தாய்மார் கைக்குழந்தைகளை விட்டுப் போகும் இடம். இடையில் ஓடிவந்து பால் கொடுத்துவிட்டுத் திரும்ப ஏறுவார்கள். காமன்கூத்து ஆடிய முச்சந்தி எது, மாரியம்மன் கோயிலுக்குத் தீச்சட்டி எடுத்த வழி எது, எல்லாவற்றையும் விரலால் காட்டினார். பேத்தி தன் கைபேசியில் ஒவ்வொன்றையும் படம் பிடித்தாள். அவள் படம் பிடித்தவற்றில் பாதி இடங்களில் வெறும் தேயிலையும் புல்லும்தான் தெரிகின்றன. ஆனால் சின்னம்மாவின் விரல் எல்லாப் படத்திலும் இருக்கிறது.

அதன் பிறகு அம்மாயியின் குழி. சின்னம்மாவின் தாய் 1971இல் இறந்தார். தோட்டத்து மயானத்தில் ஆற்றுக் கல் ஒன்றைத் தலைமாட்டில் வைத்து, ஒரு குரோட்டன் செடியும் நட்டதாகச் சின்னம்மா சொன்னார். இப்போது அந்த மேடு முழுக்க மானாப்புல். ஒரு கல்லும் கண்ணில் படவில்லை. குரோட்டன் மட்டும் இரண்டு மூன்று இடங்களில் காடாக வளர்ந்து நின்றது. எது தன் தாயுடையது என்று தெரியாமல், ஒவ்வொன்றின் அடியிலும் கற்பூரம் வைத்தார். மாத்தளனில் வைக்க முடியாமல் போனதற்கும் சேர்த்துத்தான் வைத்தார் என்று நான் நினைத்துக்கொண்டேன். அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

திரும்பும் வழியில் அம்மாயி ஆயாவாக வேலை செய்த பங்களாவைப் பேத்திக்குக் காட்ட ஆசைப்பட்டார். அது இப்போது உல்லாசப் பயணிகள் தங்கும் விடுதி. வாசலில் அதன் வரலாறு ஒரு பலகையில் எழுதியிருந்தது. கட்டிய துரை, வாங்கிய துரை, வளர்த்த குதிரைகள் வரைக்கும் அதில் இருந்தன. காவலாளி எங்களை உள்ளே விடவில்லை. விருந்தாளிகள் இருக்கிறார்களாம். அவனும் எங்கள் லயத்துப் பிள்ளைதான். அவன் முகத்தைப் பார்க்கவே பாவமாக இருந்தது. "பரவாயில்லப்பா, எங்கம்மாவும் பின்வாசல் வழியாத்தான் போயிட்டு வந்துச்சு" என்று அவனுக்கு ஆறுதல் சொன்னவர் சின்னம்மாதான்.

ஒரு நாளின் கோடு

ஏன் துரையின் பங்களாவுக்குப் பலகை இருக்கிறது, லயத்துக்கு இல்லை? இதற்கு நான் தேடிப் பார்த்த ஒரு காரணத்தை உங்களோடு பகிர்ந்துகொள்ள வேண்டும்.

நம் நாட்டில் பழைய பொருட்களையும் கட்டடங்களையும் பாதுகாக்கும் முதன்மையான சட்டம், 1940 ஆம் ஆண்டின் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டம். அது ஒரு நாளைக் கோடாகக் கிழித்திருக்கிறது. 1815 மார்ச் 2. கண்டி இராச்சியம் ஆங்கிலேயர் கைக்குப் போன ஒப்பந்தத்தின் நாள். அந்த நாளுக்கு முற்பட்டவை தொல்பொருட்கள். அதற்குப் பிற்பட்ட ஒரு கட்டடத்துக்கு அந்தப் பாதுகாப்பு தானாகக் கிடைக்காது. அதற்கென்று தனியாக ஓர் அறிவித்தல் வர்த்தமானியில் வர வேண்டும்.

இப்போது கணக்குப் பாருங்கள். நம் முன்னோர் கோப்பித் தோட்டங்களுக்கு வரத் தொடங்கியது 1820களில். அதாவது, நம்முடையது என்று இந்த மலையில் இருக்கும் எல்லாமே அந்தக் கோட்டுக்கு இப்பால் விழுகின்றன. லயம், பீலி, மடுவம், மலைப் பாதை, மாரியம்மன் கோயில், மயானம் ஒன்றும் மிச்சமில்லை. அதிசம் பங்களாவும் தம்பேதன்னைத் தொழிற்சாலையும் கூடக் கோட்டுக்கு இப்பால்தான். ஆனால் அவை கல்லாலும் இரும்பாலும் கட்டப்பட்டவை. சொத்துரிமைப் பத்திரம் உள்ளவை. கவனித்துக்கொள்ள ஆட்கள் இருக்கிறார்கள். லயக் காம்பராவில் நாலு தலைமுறை இருந்தாலும் அது இருந்தவர்களுக்குச் சொந்தமானதில்லை. சொந்தமில்லாத வீட்டில் யார் பலகை மாட்டுவது?

பதிவு இல்லாமல் போனதன் விலையை நாம் முன்பே கொடுத்திருக்கிறோம். 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம், தந்தை இங்கே பிறந்தாரா, அல்லது தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்தார்களா என்று கேட்டது. காட்டக் கடதாசி இல்லாத இலட்சக்கணக்கானோர் நாடற்றவர் ஆனார்கள். வம்சாவழிக் குடியுரிமைக்கு அந்தச் சட்டம் தந்தைவழியைத்தான் கேட்டது என்பதையும் கவனியுங்கள். கொழுந்து பறித்து இந்த நாட்டுக்குச் சோறு போட்ட பெண், தான் இங்கே பிறந்தவள் என்பதைத் தன் பிள்ளைக்குக் கொடுக்க முடியவில்லை. எஞ்சியிருந்தவர்களின் பிரச்சினை தீர 2003 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கச் சட்டம் வரைக்கும் காத்திருக்க வேண்டியிருந்தது.

மீரியபெத்தை

கடைசி நாள் கொஸ்லந்தைக்குப் போனோம். அதுவும் ஹல்துமுல்லைப் பிரதேச செயலகப் பிரிவுதான். 2014 ஒக்டோபர் 29 காலையில் மீரியபெத்தைத் தோட்டத்தின் மேல் மலை சரிந்து விழுந்தது. லயங்களும் கோயிலும் மண்ணுக்குள் போயின. அந்த இடம் ஆபத்தானது என்று 2005இலும் 2011இலும் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் எச்சரித்திருந்தது. எச்சரிக்கை கடதாசியில் இருந்தது. மக்கள் லயத்தில் இருந்தார்கள். போவதற்கு வேறு இடம் கொடுக்கப்படவில்லை. எத்தனை பேர் மண்ணுக்குள் என்பதற்கு முதல் நாட்களில் ஆளுக்கொரு கணக்குச் சொன்னார்கள். தப்பியவர்கள் தேயிலைத் தொழிற்சாலையில் முகாமிட்டு இருந்து, 2016இல் மக்கல்தெனியவில் கட்டிய புது வீடுகளுக்குப் போனார்கள்.

அங்கே எங்களுக்குத் தூரத்து உறவான ஒரு தங்கச்சி இருக்கிறாள். தேநீர் தந்தாள். "வீடு நல்ல வீடுதான் அக்கா. சுவரு இருக்கு, தோட்டமும் போட்டிருக்கேன். ஆனா ஒக்டோபர் வந்துச்சுன்னா எங்க வெளக்கு வைக்கிறதுன்னுதான் தெரியல. மண்ணு முழுக்க அவங்கதானே" என்றாள்.

சின்னம்மா அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் இருந்தார். வன்னியில் குண்டு, இங்கே மலை. இருவரும் ஒன்றும் பேசாமல் ஒருவரையொருவர் விளங்கிக்கொண்டார்கள். பிறகு சின்னம்மா சொன்னதுதான், இந்தக் கட்டுரையை எழுத வைத்தது: "எங்க ஊருல விழுந்த தண்ணித் தாங்கிய எல்லாரும் வந்து பாத்து, படம் புடிச்சிட்டுப் போனாங்க. அதுக்குக் கீழ பலகையும் வச்சாங்க. அதுல தண்ணி குடிச்சவங்க யாருன்னு மட்டும் எழுதல."

கிளிநொச்சியில் யுத்தத்தில் வீழ்த்தப்பட்ட நீர்த்தாங்கியை 2009க்குப் பிறகு பார்வையிடமாக வைத்திருந்ததைத்தான் அவர் சொன்னார்.

நாம் செய்யக்கூடியவை

தோழியரே, அரசாங்கம் பலகை வைக்கட்டும் என்று காத்திருக்க நமக்கு நேரமில்லை. இடத்தைத் தெரிந்தவர்கள் வயதாகி ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள். பெரிய செலவில்லாமல் நாமே தொடங்கக்கூடிய சிலவற்றைச் சொல்கிறேன். மலையகத்தில் இருப்பவர்களுக்கு மட்டுமல்ல, வன்னியில், கிழக்கில், மன்னாரில் இருப்பவர்களுக்கும் இவை பொருந்தும்.

முதலாவது, பெயர்கள். ஒரு பயிற்சிக் கொப்பி போதும். உங்கள் தாய், அவருடைய தாய், அவருக்கும் தாய் என்று தாய்வழியாக எத்தனை பெயர் தெரியுமோ அத்தனையையும் எழுதுங்கள். பிறந்த இடம், இறந்த இடம், புதைத்த இடம் எழுதுங்கள். தந்தை வழியை எழுதச் சட்டங்கள் இருந்தன. தாய் வழியை எழுத நாம்தான் இருக்கிறோம்.

இரண்டாவது, இடங்கள். பழைய வீடு, கிணறு, பீலி, பள்ளிக்கூடம், கோயில், முகாம் இருந்த வெளி. அவற்றுக்குச் சனங்கள் வைத்த பெயரையே எழுதுங்கள். தோட்டத்து மலைகளுக்கும் வயல்வெளிகளுக்கும் நாம் சொல்லும் தமிழ்ப் பெயர்கள் அரசாங்கப் படத்தில் இருக்காது. வயதானவர் ஒருவரை அங்கே கூட்டிப்போய், அவர் கைகாட்டப் படம் எடுங்கள். நாளும் திகதியும் பின்பக்கத்தில் குறித்து வையுங்கள்.

மூன்றாவது, பத்திரங்கள். தொலைந்துபோன பிறப்பு, விவாக, இறப்புச் சான்றிதழ்களின் பிரதியை, பதிவு நடந்த பிரதேச செயலகத்தில் விண்ணப்பித்துப் பெறலாம். கிடைத்ததும் இரண்டு பிரதி எடுத்து, ஒன்றை உறவினர் வீட்டில் வையுங்கள். எல்லாவற்றையும் ஒரே பையில் வைத்து ஓடி இழந்த அனுபவம் நமக்கு உண்டு.

நான்காவது, பொருட்கள். அம்மி, ஆட்டுக்கல், கொழுந்துக் கூடை, தகரப் பெட்டி. பழைய இரும்புக்காரனுக்குக் கொடுக்கும் முன் ஒரு தடவை யோசியுங்கள். கம்பளைக்கு அருகே பரதெக்கையில், தோட்டத்து லயம் ஒன்றையே தோட்டத் தொழிலாளர் அருங்காட்சியகமாக 2007இல் ஆக்கியிருக்கிறார்கள். அங்கே வைத்திருப்பவை இப்படி நம் வீடுகளில் கிடந்த பொருட்கள்தான். கண்டி ஹந்தானையில் உள்ள தேயிலை அருங்காட்சியகத்தில் இயந்திரங்களைப் பார்க்கலாம். பரதெக்கையில் மனிதர்களைப் பார்க்கலாம்.

ஐந்தாவது, கேட்பது. உங்கள் மாதர் சங்கத்தில் இதை ஒரு தீர்மானமாக எடுத்து, பாடசாலை அதிபரிடமும் பிரதேச சபை உறுப்பினரிடமும் எழுத்தில் கொடுங்கள். ஒரு மயானத்துக்கு வேலி, ஒரு பழைய பீலிக்குப் பெயர்ப்பலகை என்று சிறியதாகக் கேளுங்கள். தமிழும் இந்நாட்டின் அரசகரும மொழி. ஹல்துமுல்லை போன்ற பிரிவுகள் இருமொழி நிர்வாகப் பிரிவுகளாகவும் அறிவிக்கப்பட்டவை. பலகையில் தமிழும் வேண்டும், அது பிழையில்லாமலும் வேண்டும் என்று கேட்பது சலுகை கேட்பதாகாது.

நினைவுச் சின்னம் என்றதும் கோட்டை, கோபுரம், பங்களா என்றே நமக்குப் பழக்கப்பட்டுவிட்டது. அவையும் இருக்கட்டும். ஆனால் ஒரு கல் குழியும் வரை பெண்கள் துணி தோய்த்த இடமும் வரலாறுதான். அதைக் கட்டியவர் பெயரைக் கேட்டால், ஒரு தோட்டத்தின் பெண்கள் எல்லோரின் பெயரையும் சொல்ல வேண்டியிருக்கும்.

சின்னம்மா கிளிநொச்சிக்குத் திரும்பும் முன், பேத்தி தன் கொப்பியில் ஏழு பெண்களின் பெயரை எழுதி முடித்திருந்தாள். ஏழாவது பெயருக்கு ஊர் தெரியவில்லை. "இந்தியாவுல ஏதோ ஒரு ஊரு, ஆத்துக்குப் பக்கத்துலன்னு அம்மா சொல்லும்" என்றார் சின்னம்மா. பேத்தி அதையும் அப்படியே எழுதினாள். அடுத்த பக்கத்தில் மாத்தளன் என்று தலைப்பிட்டு, "அம்மம்மா, அப்பப்பா கிடந்த இடத்துக்குப் பக்கத்தில என்ன மரம் நிண்டது?" என்று கேட்கத் தொடங்கினாள். சின்னப்பாவை அவள் சிறுவயதிலிருந்தே அப்பப்பா என்றுதான் கூப்பிடுவாள். சின்னம்மா கொஞ்சநேரம் யோசித்துவிட்டுச் சொல்ல ஆரம்பித்தார். நான் தேநீர் போட எழுந்து போனேன்.

உங்கள் கொப்பியில் முதலாவதாக எழுதும் இடம் எது என்று எனக்கும் எழுதுங்கள். இந்தப் பக்கத்தில் இடமிருக்கிறது. அடுத்த மாதம் சந்திப்போம்.